சின்ன அரங்கில் ஒரு சுயாதீன இசைக் கச்சேரி: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மாதத்துக்கு ஒரு முறையாவது யாரையாவது கூட்டிக்கொண்டு சென்னையில் ஏதாவது ஒரு சின்ன அரங்குக்குப் போய்விடுவேன். சினிமாவுக்கு வெளியே தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர்களின் கச்சேரிகள் அவை. அலுவலக நண்பர்கள், அத்தை பிள்ளைகள், மாடி வீட்டுக்காரர் என்று யாரைக் கூப்பிட்டாலும் வாசலில் செருப்பு மாட்டும்வரை சந்தேகம் கேட்பார்கள். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து வைக்கிறேன்.

பதில்களில் ஒரே இரவு அடிக்கடி வரும். நவம்பர் மாதம், விடாத மழை, நூறு நாற்காலி போட்ட அறை, வந்திருந்தது 34 பேர். கிட்டார் வைத்துக்கொண்டு ஒருவர் பாடினார், பக்கத்தில் ஒரு பையன் கஹோன் வாசித்தான் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி). பாடியவரின் பெயரை நான் சொல்லவில்லை. அவர் இடத்தில் இந்த ஊரில் பாடும் இன்னும் பலரை வைத்துப் பார்க்கலாம்.

"இண்டி, இண்டின்னு சொல்றியே, அப்படின்னா என்ன? சினிமாவுல சான்ஸ் கிடைக்காதவங்களா?"

இல்லவே இல்லை. சினிமாப் பாட்டு கதைக்காகப் பிறக்கிறது. இயக்குநர் காட்சியைச் சொல்வார், அதற்கு மெட்டு, மெட்டுக்கு வரி, பாடுவதற்கு வேறொருவர், விற்பதற்கு ஒரு ஆடியோ நிறுவனம். சுயாதீன இசையில் எதைப் பற்றிப் பாடுவது என்பதிலிருந்து எந்த மாதம் வெளியிடுவது என்பதுவரை பாடுகிறவரே முடிவு செய்கிறார். செலவும் அவருடையது, உரிமையும் அவருடையது.

இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஷான் ரோல்டன் சினிமாவுக்கு இசையமைக்கும் முன்பே நண்பர்களோடு சொந்தக் குழு வைத்துப் பாடியவர். மலேசியாவின் யோகி பி குழு 2006-லேயே தமிழ் ராப்பில் 'வல்லவன்' என்ற முழு ஆல்பத்தைக் கொடுத்தது. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியது. 'சாதி இல்லாத தமிழர்கள்' என்று சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் பயன்படுத்திய சொல்லிலிருந்துதான் அந்தக் குழுவின் பெயரே வந்தது. இவர்கள் பெயராவது வெளியே தெரிந்தது. நாற்பது பேர் முன்னால் பாடிவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"அவர் பாட்டு ஒண்ணுகூடத் தெரியாதே, போனா போரடிக்காதா?"

சினிமாப் பாட்டு நம் அனுமதி கேட்காமலே காதில் ஏறிவிடும். டீக்கடை, பஸ், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் ஒலிக்கும். அப்படி ஏறியதைத்தான் 'தெரிந்த பாட்டு' என்கிறோம். இங்கே முதல் தடவையே பாடுகிறவரின் வாயிலிருந்து நேராகக் கேட்கப் போகிறோம். முந்தின நாள் இரவு அவருடைய இரண்டு பாட்டு மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். அந்த இரண்டு வரும்போது ஒரு பிடி கிடைக்கும், மற்றவை புதிதாக இருக்கட்டும்.

அந்த மழை இரவில் அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோனதுதான் பாட்டு. கஹோன் பையன் மெஷின் ஓடுகிற அதே நடையில் விரல் நுனியால் தட்டினான், தடதடவென்று ஓடி, துணி திருப்பும் இடத்தில் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. என் பக்கத்தில் இருந்த அலுவலக நண்பன் அதுவரை ஒரு சுயாதீனப் பாட்டும் கேட்டதில்லை. மூன்றாவது வரி வருவதற்குள் அவன் பாதம் பெடல் மிதிப்பது போல் தரையில் அசைந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் எங்கே நடக்குது? என் கண்ணுல மட்டும் படவே மாட்டேங்குது."

சுவரொட்டி ஒட்டக் காசு இருக்காது, அதனால் யார் கண்ணிலும் படாது. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் கலாசார நிலையமான மாக்ஸ் முல்லர் பவன், எழும்பூரில் அருங்காட்சியக அரங்கம், பெசன்ட் நகரில் ஸ்பேசஸ், இவை தவிர அவ்வப்போது இடம் கொடுக்கும் காபிக்கடைகள், மொட்டை மாடிகள். ஜூன் 21 உலக இசை நாள். 1982-ல் பிரான்சில் தொடங்கிய வழக்கம் அது. அந்த வாரம் இங்கேயும் புதியவர்கள் மேடை ஏறுவார்கள். டிசம்பரில் சபாக்களை மட்டும் பார்க்காதீர்கள். 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' என்று கானாவும் பறையும் ஒப்பாரியும் அதே மாதத்தில் மேடை ஏறியிருக்கின்றன.

அரங்குகளைப் பின்தொடர்வதைவிட ஆட்களைப் பின்தொடருங்கள். பாடகர் ஒருவரை இன்ஸ்டாகிராமில் பிடித்தால், அவருக்கு வாசிப்பவர் இன்னும் நாலு பேருக்கு வாசிப்பார். அந்த நாலு பேரின் கச்சேரியும் தானாகத் தெரிய வரும். எனக்கு வழிகாட்டியாக இருந்தது ஒரு பேஸ் கிட்டார் கலைஞரின் பக்கம்.

"டிக்கெட் 400 ரூபாயா? யூடியூப்ல சும்மாவே கேட்கலாமே!"

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். 34 பேர், தலைக்கு 400 ரூபாய் என்றால் 13,600. அரங்க வாடகை 6,000, ஒலியமைப்புக்கு 4,000, கூட வாசிப்பவருக்கு 2,000 என்று வையுங்கள். மிச்சம் 1,600. அதில் ஒத்திகைக்கு எடுத்த ஸ்டுடியோ வாடகையும் கிட்டாரை மழையில் நனையாமல் கொண்டுவந்த ஆட்டோ காசும் போக வேண்டும். அரங்கு நிறைந்திருந்தால் வரவு 40,000, செலவு அதே 12,000. காலியாக இருந்த அந்த 66 நாற்காலிதான் அடுத்த பாட்டின் ஒலிப்பதிவுச் செலவு.

யூடியூபிலும் பாட்டுச் செயலிகளிலும் கேட்பது தப்பில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் அதில் ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான விலை கிடையாது. மொத்தமாக வரும் பணத்தில் மொத்தக் கேட்பில் அவர் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தின 12 மாதத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கே கொடுப்பதில்லை. நீங்கள் வருஷம் முழுக்கத் தினமும் கேட்டாலும் 365 தடவைதான் ஆகும். ஒரு டிக்கெட் வாங்குவது எந்த அளவுக்குக் கை கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அவர் உனக்குத் தெரிஞ்சவர்தானே, பாஸ் ஒண்ணு வாங்கிக் கொடேன்."

தெரிந்தவர் என்பதால்தான் நான் கேட்க மாட்டேன். மேலே உள்ள கணக்கில் எந்த வரியிலிருந்து அந்தப் பாஸை எடுப்பது? உண்மையிலேயே கையில் காசு இல்லாத மாணவர் என்றால் விஷயம் வேறு. பாடுகிறவருக்கே நேராக ஒரு செய்தி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்து யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

"ஏழு மணின்னா எப்படியும் எட்டுக்குத்தானே ஆரம்பிப்பாங்க?"

மாட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு என்றாலும், குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன அரங்குக்காரர்கள் ஒன்பதரைக்கே மணியைப் பார்க்கத் தொடங்குவார்கள். தாமதமாக ஆரம்பித்தால் கடைசி இரண்டு பாட்டுப் போய்விடும், நல்ல பாட்டைக் கடைசிக்குத்தான் வைத்திருப்பார்கள்.

முதலில் பாடுகிறவர் வேறொரு புதியவராகவும் இருக்கலாம். அவரைத் தவறவிடாதீர்கள். நான் இன்று காசு கொடுத்துப் போய்க் கேட்கும் இரண்டு பேரை முதலில் அப்படித்தான், யாருக்கோ முன்னால் இருபது நிமிஷம் பாடியபோது கேட்டேன்.

"அக்கா, நான் தனியாப் போகலாமா? ராத்திரி திரும்பி வரதுதான் பயமா இருக்கு."

தாராளமாகப் போகலாம். இந்தக் கூட்டங்களில் தனியாக வருகிறவர்கள் நிறைய, பெண்களும்தான். மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடும், அதனால் முதல் சில தடவை மெட்ரோவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள அரங்காகத் தேர்ந்தெடுத்துக்கொள். மொட்டை மாடி, யாரோ ஒருவர் வீடு என்று நடக்கும் கச்சேரிக்கு முதல் தடவை துணையோடு போ. இரண்டாம் தடவை உனக்கே அங்கே நாலு பேர் பழக்கமாகியிருப்பார்கள்.

"முன் வரிசையில உட்காரலாமா, பின்னாடியா?"

ஒலி நன்றாகக் கேட்க வேண்டுமானால் நடுவில், மேடையிலிருந்து பாதி தூரம் தாண்டி, மிக்ஸர் மேசைக்குப் பக்கம் உட்காருங்கள். அந்த இடத்தில் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் ஒலிப்பொறியாளர் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். முதல் வரிசையில் ஸ்பீக்கரின் ஒலி உங்களைத் தாண்டிப் போய்விடும், தாளம் பெரிதாகவும் குரல் சின்னதாகவும் கேட்கும்.

கூட்டம் குறைவாக இருந்தால் மட்டும் இந்த அறிவுரையை மறந்துவிட்டு முன்னால் போங்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடுவது எத்தனை கஷ்டம் என்று பாடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். மனித உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை உறிஞ்சும். ஆளில்லாத அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி வார்த்தைகளைக் குழப்பிவிடும். நீங்கள் போய் உட்காருவதாலேயே அவர் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

"நடுவுல 'கூ...'ன்னு காதைக் கிழிச்சுதே, சவுண்ட் சரியில்லையா?"

ஸ்பீக்கரில் வரும் சத்தத்தையே மைக் திரும்பப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும், அது மறுபடி மைக்குக்கு வரும். இந்தச் சுற்று பெருகினால் வருவதுதான் அந்தக் கூவல். பாடகர் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்திருப்பார். சின்ன மேடையில் அது மைக்குக்கு மிக அருகில் இருப்பதால் இந்தத் தொல்லை அதிகம். சாயங்காலம் காலி அறையில் சவுண்ட் செக் செய்து வைத்த அளவு, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு மாறியும் போகும், காரணம் மேலே சொன்னதுதான். முதல் இரண்டு பாட்டுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பி மிக்ஸர்காரரை முறைக்காதீர்கள், அவர் இரண்டு கையாலும் அதைத்தான் சரிசெய்துகொண்டிருப்பார்.

"அப்பாவைக் கூட்டிட்டு வரலாமா? சத்தம் அவர் காதுக்கு ஆகுமா?"

கிட்டாரும் குரலும் மட்டும் என்றால் தயங்காமல் கூட்டி வாருங்கள். டிரம்ஸ் உள்ள முழு ராக் குழு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற இயர்பிளக் போதும், உங்களுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

"ஃபோன்ல வீடியோ எடுக்கலாமா?"

ஒரே ஒரு பாட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்காமல். அவர் பெயரோடு பகிர்ந்தால் அவருக்கும் உதவி. "இது புதுசு, இன்னும் முடிக்கல" என்று சொல்லிவிட்டுப் பாடுவதை மட்டும் எடுக்க வேண்டாம். அரைகுறையாக இருப்பதை நம்மை நம்பிப் பாடிக் காட்டுகிறார்.

"ராஜா சார் பாட்டு ஒண்ணு பாடச் சொல்லிக் கேட்கலாமா?"

தயவுசெய்து கேட்காதீர்கள். திருவிழாக் கச்சேரியில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பாட்டுக் கேட்ட பழக்கம் நமக்கு இருக்கிறது. அங்கே அது அழகு, அந்தக் குழு வந்ததே அதற்குத்தான். இங்கே வந்திருப்பவர் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவராகவே ஒரு பழைய பாட்டை எடுத்துப் பாடினால் அது அவர் விருப்பம். அதற்கான உரிமத்தை ஐபிஆர்எஸ் போன்ற பாட்டு உரிமைச் சங்கத்திடம் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் வாங்க வேண்டும், அது நம் கவலை இல்லை.

அந்த மழை இரவில் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். அறையே அமைதியாகிவிட்டது. பாடகர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "நானும் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன்தான் சார். அதை நீங்க வீட்டுக்குப் போய்க் கேட்டா இதைவிட நல்லா இருக்கும். இதை இங்க மட்டும்தான் கேட்க முடியும்" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அதன் பிறகு பாடியதுதான் தையல் மெஷின் பாட்டு.

"கஃபேலதானே நடக்குது, சாப்பிட்டுக்கிட்டே பேசிக்கிட்டே கேட்கலாம்ல?"

சாப்பிடலாம். பேச்சைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில், மிக மெதுவாகப் பாட வேண்டிய ஒரு பாட்டின் நடுவில் உள்ளே ஜூஸுக்கு மிக்ஸி ஓடியது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. பாடிக்கொண்டிருந்த பெண் ஒவ்வொரு தடவையும் அந்த வரியை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் அதே வரியிலிருந்து தொடங்கினார். ஆர்டர் கொடுத்த மேசைகள் எதிலும் அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து கஃபே கச்சேரி என்றால் ஆரம்பிக்கும் முன்பே ஜூஸ் குடித்து முடித்துவிடுவேன்.

"முப்பது பேர்தான் இருக்காங்க, பார்க்கவே பாவமா இருக்கு. பாதியில கிளம்பிடலாமா?"

வேண்டாம். முந்நூறு பேரில் ஒருவர் எழுந்து போனால் மேடைக்குத் தெரியாது. முப்பதில் ஒருவர் எழுந்தால் கதவு திறக்கும் சத்தம்கூட மைக்கில் விழும். அவசரம் என்றால் கைதட்டல் நேரத்தில் போங்கள்.

கூட்டம் குறைவான இரவில்தான் சில விஷயங்கள் நடக்கும். அந்த மழை இரவில், ஐந்தாவது பாட்டில் பாடகருடைய கிட்டாரின் முதல் கம்பி பட்டென்று அறுந்தது. கஹோன் பையன் நிறுத்தவில்லை, தாளத்தைத் தணித்துக்கொண்டான். பாடகர் பெட்டியின் பையிலிருந்து வட்டமாகச் சுருட்டிய புதுக் கம்பியை எடுத்தார், பிரித்தார், கோர்த்தார், முறுக்கினார். அந்தத் தாளத்தின் மேலேயே, இந்தப் பாட்டை எந்த பஸ்ஸில் எழுதினேன் என்று கதையும் சொன்னார். புதுக் கம்பி இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். பாட்டின் நடுவே இரண்டு தடவை காதைச் சாய்த்து ஏற்றிக்கொண்டார். கடைசிப் பாட்டுக்கு ஒயரைக் கழற்றிவிட்டு மேடையிலிருந்து இறங்கி, எங்களுக்கு நடுவில் நின்று மைக் இல்லாமல் பாடினார். ஓட்டுக் கூரையில் விழுந்த மழைச் சத்தமும் அவர் குரலும் ஒரே அளவில் கேட்டன.

"முடிஞ்சதும் போய்ப் பேசலாமா? என்ன பேசறது?"

கேபிளைச் சுருட்டி முடிக்கட்டும், பிறகு பேசுங்கள். எந்த வரி உங்களுக்குப் பிடித்தது என்று ஒரு வரியைச் சொன்னால் போதும், அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். "நீங்க சினிமாவுல ட்ரை பண்ணலாமே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறோம், ஆனால் இப்போது செய்வது ஒரு வேலையே இல்லை என்றுதான் அவர் காதில் விழும். விற்பனைக்குப் பாட்டுப் புத்தகமோ டி-ஷர்ட்டோ இருந்தால் வாங்குங்கள். 400 ரூபாய்க் கணக்கில் பார்த்தோமே, அதில் வராத பணம் இது, நேராக அவர் கைக்குப் போகிறது.

"பாட்டு பிடிக்கலன்னா? பொய் சொல்லணுமா?"

வேண்டியதில்லை. எனக்கும் எத்தனையோ கச்சேரி பிடிக்காமல் போயிருக்கிறது. "இன்னைக்கு வந்தது சந்தோஷம்" என்பது உண்மைதானே, அதைச் சொல்லுங்கள். அவர் கேட்டால் மட்டும், வார்த்தை புரியவில்லை, பாட்டு நீளம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஒருவரைப் பிடிக்காததால் மொத்த சுயாதீன இசையையும் விட்டுவிட வேண்டாம். ஒரு படம் பிடிக்கவில்லை என்று தியேட்டருக்கே போகாமல் இருக்கிறோமா?

"இவ்வளவு நல்லாப் பாடுறார், அப்புறம் ஏன் பெரிய ஆளா வரல?"

நம் எஃப்எம் வானொலிகள் பெரும்பாலும் சினிமாப் பாட்டைத்தான் போடுகின்றன. கல்யாணமும் கல்லூரி விழாவும் அதையே கேட்கின்றன. தமிழில் 'பாட்டு' என்றாலே எந்தப் படம் என்றுதான் அடுத்த கேள்வி வருகிறது. படத்தின் நட்சத்திரமும் விளம்பரமும் சுமந்துபோகும் பாட்டோடு தனி மனிதர் ஒருவர் போட்டி போட முடியாது. திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ரோட்ரிகஸ் என்று ஒருவர் இருந்தார். 1970-லும் 1971-லும் இரண்டு ஆல்பம் வெளியிட்டார், அங்கே விற்கவில்லை. கட்டடம் இடிக்கும் வேலைக்குப் போனார். அதே நேரம் தென்னாப்பிரிக்காவில் அவர் பாட்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது, அது அவருக்கே தெரியாது. 1998-ல் அங்கே போய்ப் பாடியபோதுதான் அந்த ரசிகர்களை நேரில் பார்த்தார். அவரைப் பற்றிய ஆவணப்படம் 2013-ல் ஆஸ்கர் வாங்கியது. அந்த இருபத்தேழு வருஷத்தில் அவர் எழுதாமல் விட்ட பாட்டுகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

"நாங்க விழுப்புரம் பக்கம். எங்க ஊர்ல இதெல்லாம் எங்கே நடக்குது?"

உங்கள் வீட்டிலேயே நடக்கும். பாடகருக்குப் போகவர ரயில் கட்டணம், இரண்டு வேளைச் சாப்பாடு, தலைக்கு 200 ரூபாய் போடக்கூடிய இருபத்தைந்து பேர், பாய் விரிக்க ஒரு கூடம், இவ்வளவு போதும். மைக் வேண்டாம், அனுமதி அலைச்சல் வேண்டாம். அன்று சாயங்காலம் டிவியை அணைத்துவிடுங்கள், பாட்டு நடக்கும்போது ஃபேனை மெதுவாக வையுங்கள், குக்கரை முன்பே இறக்கிவிடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் முதலிலேயே சொல்லி அவர்களையும் கூப்பிட்டுவிடுங்கள்.

அந்த மழை இரவுப் பாடகரை நான் அப்படி எங்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே இடமில்லாமல் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டுக் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து பாடகர் கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கும்போது, "தம்பி, அந்த மிசின் பாட்டை இன்னொரு தரம் பாடுப்பா" என்றார். பெட்டியை மறுபடி திறந்தார்.